மூணு பச்சை

என் புருஷனிடம் எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். "கேஸ் மூடி..." என்று ஆரம்பித்தால் போதும், "மூடியாச்சு." "வாசக்கதவு..." "பூட்டியாச்சு." எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், கதவு ஆவென்று கிடக்கும். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். தினமும் மூடுகிற கை, இன்றைக்கும் மூடியிருக்கும் என்று வாய் தானாக முடிவு செய்துவிடுகிறது. கல்யாணமான புதிதில் இதற்காகத் தொண்டை வற்றச் சண்டை போட்டேன். பிறகு நானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரப் பழகிக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில் இருக்கும் மனிதர் விமானம் ஓட்டுகிறார். அங்கேயும் இப்படித்தானா என்று கேட்டால் சிரிப்பார்.

"அங்க இதெல்லாம் நடக்காதுடி. அங்க லிஸ்ட் இருக்கு. ஒருத்தன் ஒவ்வொண்ணா படிப்பான். ஓட்டுறவன் கண்ணால பாத்து, கையால தொட்டு, அப்புறம்தான் வாயத் தொறப்பான்."

"அப்ப அந்த லிஸ்ட்ட வீட்டுக்கும் ஒண்ணு கொண்டாங்க. அடுப்புக்கு மேல ஒட்டி வைக்கிறேன்."

"வீட்டுக்குத்தான் நீ இருக்கியே."

என் தம்பி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். அவனை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அப்பா போன பிறகு, பள்ளிக்கூடம் முடிக்காத வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவன். வந்த முதல் வாரமே என் புருஷனின் பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விழுந்து, முன்பல்லில் பாதியை ரோட்டில் விட்டுவிட்டு வந்தான். அடி விழும் என்று நான் பயந்தேன். அவரோ பையனை உட்காரவைத்து பிரேக் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து மாமா மாமா என்று அவர் வாலைப் பிடித்துக்கொண்டுதான் திரிந்தான். அவர் படித்ததையே படித்தான், அவர் வேலை பார்த்த சரக்கு விமானக் கம்பெனியிலேயே துணை விமானியாகச் சேர்ந்தான்.

குரல் வேறு அவருடைய குரலாகவே ஆகிப்போயிற்று. கொஞ்சம் இயற்கை, மிச்சம் குறும்பு. போன் எடுத்தால் எனக்கே தெரியாது. "இன்னிக்கு லேட்டாகும், சாப்பாடு வேணாம்" என்று அவர் குரலில் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் வாசலில் வந்து நின்று பல்லைக் காட்டுவான். சாப்பாட்டு மேசையில் நான் "உப்பு..." என்று வாயெடுத்தால், "போட்டாச்சு!" என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரல் வரும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன். வேறென்ன செய்வது, வீடு நன்றாக இருந்த காலம் அது.

கம்பெனி சின்னது. விமானிகள் குறைவு. அதனால் மாமனையும் மச்சானையும் ஒரே விமானத்தில் அடிக்கடி போட்டார்கள். வாலுவுக்கு அது கொண்டாட்டம்.

அந்த நாள் நடந்தது இதுதான். துணிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நல்ல வெயில் நேரத்தில் திரும்பி வந்தார்கள். இறங்குவதற்காகச் சக்கரங்களை விட்டார்கள். மூன்று சக்கரங்களும் கீழே போய்ப் பூட்டிக்கொண்டால் முன்னால் மூன்று பச்சை விளக்குகள் எரியும். எரிந்தன. ஓடுபாதைக்குப் பக்கத்தில் வந்தபோது புல் வெட்டும் வண்டி ஒன்று குறுக்கே நிற்கிறது, மேலே போங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். மேலே போனார்கள். போகும்போது சக்கரங்களை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் வேண்டும், இழுத்துக்கொண்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தார்கள். இந்த முறை சக்கரத்தை விடவில்லை. விமானம் வயிற்றால் தரையில் தேய்ந்துகொண்டு போயிற்று. வலது பக்கக் காற்றாடி தரையில் அடித்து உடைந்து, அதன் துண்டு ஒன்று பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. வலது பக்கம் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி.

என் புருஷன் நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தார். அவ்வளவுதான் அவருக்கு. அந்த பிளாஸ்திரியைப் பிய்த்து எறிய வேண்டும்போல எனக்குக் கை பரபரத்தது. உயிரோடு வந்தாரே என்ற நிம்மதியும் அதே நெஞ்சுக்குள்தான் இருந்தது, அதை யாரிடம் சொல்ல?

வழக்கத்தில், ஓட்டுகிறவர் பதில் சொல்ல வேண்டும், மற்றவர் பட்டியலைப் படிக்க வேண்டும். முதல் தடவை ஓட்டியவர் என் புருஷன். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேலே ஏறிய பிறகு தம்பியிடம் ஓட்டக் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார். அப்படிக் கொடுக்கும்போது, இனி நீ ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம், வாங்குகிறவன் வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொல்ல வேண்டுமாம். இவர்கள் சொல்லவில்லை. கையைக் காட்டினாராம், அவன் தலையை ஆட்டினானாம். வீட்டு ஆளுக்கு எதற்கு வார்த்தை!

"நான் படிச்சேன். அவன் பதில் சொன்னான். மூணு பச்சைன்னு சொன்னான்." திரும்பத் திரும்ப இதையே சொன்னார்.

என் அம்மா அப்போது எங்களோடு வந்துவிட்டாள். மகன் இருந்த அறையில் இருக்க வேண்டும் என்று வந்தவள். அவர் இதைச் சொன்னதும் எழுந்து நின்றாள்.

"செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான்ல. அந்த தைரியம்."

"அத்தை, நான்..."

"அத்தைன்னு கூப்பிடாத."

அன்றோடு சரி. அவர் கூடத்துக்கு வந்தால் அம்மா அறைக்குள் போய்விடுவாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டை எடுப்பாள். நடுவில் நான், இரண்டு பக்கமும் பரிமாறிக்கொண்டு.

நான் மட்டும் யோக்கியமா? நானும் அவரை நம்பவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லும் வாய் யாருடையது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கேஸ் மூடியாச்சு, கதவு பூட்டியாச்சு, மூணு பச்சை. எல்லாம் ஒரே வாய்தான் என்று நான் தீர்ப்பு எழுதி மடித்து வைத்துவிட்டேன். முகத்துக்கு நேராகவே கேட்டேன், "உங்க வாயப் பத்தி எனக்குத் தெரியாதா? ஏங்க அந்தப் பையன் தலைல போடுறீங்க?" என்று.

வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். பகலெல்லாம் வீட்டில்தான். இப்போது கேஸ் அடுப்பின் முன்னால் போய் நிற்பார். ஒவ்வொரு குமிழாகத் தொட்டுத் திருகிப் பார்ப்பார். வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு, இரண்டெட்டு வந்து, திரும்பிப் போய் மறுபடி தொடுவார். பார்க்கச் சகிக்காது.

"இப்பத் தொட்டுப் பாத்து என்ன பிரயோஜனம்?" என்றேன் ஒரு நாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

விசாரணை அதிகாரி போன் செய்தது அதற்குப் பிறகுதான். ஜலதோஷக் குரல். விமானி அறையில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் புழுக்கம் என்று இரண்டு பேரும் காதுமாட்டியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்களாம். ஆளுக்கொரு மைக் அதில்தான் இருக்கிறது, அது போய்க் கூரையில் இருக்கும் ஒரே மைக்கில்தான் எல்லாம் பதிவாகியிருக்கிறது.

"ரெண்டு குரலும் ஒண்ணு மாதிரியே இருக்கு மேடம். கூட வேலை பாத்தவங்களக் கூப்பிட்டுக் கேக்க வெச்சோம். பாதிப் பேரு இவருன்னாங்க, பாதிப் பேரு அவருன்னாங்க. நீங்க ஒருத்தருக்கு சம்சாரம், ஒருத்தருக்கு அக்கா. உங்களால கண்டுபிடிக்க முடியும்னு நெனைக்கிறோம். வற்புறுத்தல. இஷ்டமிருந்தா வாங்க."

"கண்டுபிடிச்சா என்ன ஆகும்?"

அவர் தும்மிவிட்டுச் சொன்னார். பார்க்காமல் பதில் சொன்னவர் என் புருஷன் என்றால் லைசென்ஸ் போகும், கோர்ட் வரைக்கும் போகலாம். தம்பி என்றால், தவறு அவன் பேரில் எழுதப்படும். அறிக்கையைப் புதிதாக வருகிற விமானிகளுக்கு வகுப்பில் படித்துக் காட்டுவார்கள்.

வருஷா வருஷம் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து, பாருங்கள், இவன்தான் விளக்கைப் பார்க்காமல் வாயைத் திறந்தவன் என்று என் வாலுவைப் பற்றிப் படிப்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போ. போய்க் கேட்டுச் சொல்லு. எம்புள்ள பேரு கெடாம பாத்துக்க. எனக்கு இனி வேற எதுவும் வேணாம்."

நானும் அவரும் ஒன்றாகவே போனோம். விசாரணை அலுவலகத்தின் நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. தண்ணீர் மிஷினில் காகிதக் குவளை தீர்ந்துபோயிருந்தது. அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"என்ன கேக்குதோ அதச் சொல்லு."

"நீங்க சொல்லித்தான் நான் சொல்லணுமா?" என்று வெடுக்கென்று கேட்டேன். இன்றைக்கு உங்கள் வண்டவாளம் வெளியே வரப்போகிறது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு ஒலிபெருக்கி. பதிவை இயக்க ஒரு பெண். அதிகாரி மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "கடைசிப் பகுதியப் போட மாட்டோம் மேடம், பயப்படாதீங்க" என்றார். நல்ல மனிதர்தான், பாவம்.

முதலில் எஞ்சின் இரைச்சல். அப்புறம் ஒரு குரல், "கியர்?" என்றது, சக்கரத்தை அப்படித்தான் சொல்வார்கள். கொஞ்ச நேரம் பதிலில்லை. கடக்கென்று ஒரு சத்தம், எதுவோ கீழே உறுமிக்கொண்டு இறங்கியது, அப்புறமும் பதில் உடனே வரவில்லை. பிறகுதான், "டவுன். மூணு பச்சை." பார்த்துவிட்டுச் சொல்கிற பதில் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. மெதுவாக வரும்.

பிறகு கோபுரத்திலிருந்து ஏதோ உத்தரவு, எஞ்சின் அலறல். இரைச்சல் அடங்கியதும் என் தம்பி பேசினான்.

"புல்லு வெட்ட இவனுங்களுக்கு வேற நேரமே கெடைக்கலையா மாமா? அக்கா சூடா பண்ணி வெச்சிருப்பா, ஆறிப்போச்சுன்னு நம்மளத்தான் திட்டுவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்தப் பெண் பதிவை நிறுத்தப் போனாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இத்தனை மாதமாக நான் எதைக் கேட்கத் தவித்தேனோ அது அந்தப் பெட்டிக்குள் இருந்தது, அதைப் போய் நிறுத்துவதா?

கொஞ்ச நேரத்தில் பீப் பீப் என்று ஒரு ஒலி ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

"இது என்ன?"

"எச்சரிக்கை மேடம். சக்கரம் எறங்காம விமானம் எறங்குனா இப்படிக் கத்தும். ஆனா இந்த விமானத்துல இது சும்மாவும் அப்பப்பக் கத்தும். ரிப்பேருக்கு எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க."

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் அப்படித்தான். கதவு சரியாக மூடாவிட்டால் கத்தும், மூடினாலும் கத்தும். யாரும் எழுந்துகூடப் பார்க்க மாட்டோம்.

அந்த ஒலிக்கு நடுவில் ஒரு குரல், "கி..." என்றது.

"டவுன், மூணு பச்சை" என்றது அடுத்த குரல். கேள்வி முடியவே இல்லை. பட்டென்று, சிரிப்புக்கூடக் கலந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் வருகிற மாதிரியே வந்தது.

"சரி. அடுத்து..." என்றது முதல் குரல். அதிகாரி கையைத் தூக்கினார். பதிவு நின்றது.

"யாரு குரல் மேடம்?"

"இன்னொரு தடவ போடுங்க," என்றேன்.

போட்டார்கள். மறுபடியும் போடச் சொன்னேன். கேட்கவில்லை என்பதற்காக அல்ல. முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது. பச்சை என்று சொல்லும்போது நடுவில் மெல்லிசாக ஒரு காற்று. பாதிப் பல் வழியாக வருகிற காற்று. அவன் என்னை அக்கா என்று கூப்பிடும்போது வராது, சாவி, சட்டை, சாப்டாச்சு என்னும்போது வரும். கூட வேலை பார்த்தவர்களுக்கு அது எஞ்சின் இரைச்சலில் கரைந்துபோயிருக்கும். எனக்கு எப்படிக் கரையும்? அவனுக்குச் சோறு போட்டவள் நான்.

என் புருஷன் சொன்னது உண்மை. இவ்வளவு மாதமும் உண்மையைச் சொன்ன மனிதரைத்தான் நான் வறுத்தெடுத்தேன். அம்மா அவரைத் தெருநாயைப்போல நடத்தினாள், பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பல் அவருடைய மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, தம்பி. வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் நான், அந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலித்தது.

அதிகாரி காத்திருந்து பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"கேப்டன், இந்தக் குரல் உங்..."

"என்னுதுதான்."

"இதுக்கு முன்னாடி வேற மாதிரி சொன்னீங்களே?"

"அதிர்ச்சில கொழம்பிட்டேன். நான்தான் ஓட்டுனேன். அவன் படிச்சான், நான் பாக்காம பதில் சொன்னேன். எழுதிக்குங்க."

ஐயோ, இது என்ன மனிதர்! எழுந்து கத்தியிருக்க வேண்டும். இல்லை, அவர் இல்லை, பல்லில் காற்று வருகிறது பாருங்கள் என்று மேசையைத் தட்டியிருக்க வேண்டும். அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், இது உங்க கணவரோட குரல்தான்னு நீங்..."

"ஆமா."

அவர் கேட்டு முடிக்கவில்லை.

வெளியே வந்து படியிறங்கும்போது அவர் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும். கேட்டேன். நல்லாக் கேட்டேன்."

"யாரு சொன்னா என்ன? அவன் சொன்னதும் நான் விளக்கப் பாத்திருக்கணும். அதுக்குத்தான் ரெண்டு பேர வெச்சிருக்கான். சரின்னுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "அந்தப் பதிலு அவன் எங்க கத்துக்கிட்டான்? எங்கிட்டதான."

"திரும்பிப் போய்ச் சொல்லிரலாம் வாங்க."

"அம்மாகிட்ட நீ சொல்லுவியா?"

நான் சட்டையை விட்டுவிட்டேன்.

அறிக்கை வந்துவிட்டது. வயதான விமானி, சலிப்பு, கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களோடு பறக்கும் இளைஞர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கப்போகிறார்களாம். சிரிப்பதா அழுவதா? இளைஞனின் வாயும் அப்படித்தான் போகும், கேட்டவனும் நம்பிவிடுவான், கண்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் இந்தப் பொய்யை வைத்தது நான். அந்த வகுப்பில் இன்னொரு வாலு உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் போய் மாற்றிச் சொல்லவும் இல்லை.

விசாரணையிலிருந்து திரும்பிய அன்று அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எம்புள்ள கொரல் இல்லதான?"

"இல்லம்மா."

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு பார்ப்பது அதுதான் முதல் தடவை. "எத்தன மாசம் எம்புள்ள மேல பழி போட்ட, பாவி!" என்றாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா அன்றைக்குத் தட்டில் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சமையலறைக்குள் போயிருந்தார். ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"ஏங்க, கேஸ் மூடியாச்சா?"

கேள்வி கடைசி எழுத்துவரைக்கும் போய் முடிந்தது. பதில் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அவர் குமிழைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.